பேனலே கூரையாக: மொட்டை மாடி சோலார் கூரையுடன் ஓராண்டு

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்த பழைய தகரக் கொட்டகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சோலார் பேனல்களையே கூரையாக வேய்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. தகரத்தின் மேல் பேனல் வைப்பது வேறு. கீழே எதுவும் இல்லாமல் வெயிலையும் மழையையும் பேனலே தாங்குவது வேறு. நாங்கள் செய்தது இரண்டாவது வகை. 550 வாட் பேனல்கள் ஆறு, மொத்தம் 3.3 கிலோவாட். ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் கண்ணாடி கொண்டது, நீளம் 2.28 மீட்டர், அகலம் 1.13 மீட்டர். தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சரிவு கொடுத்திருக்கிறோம். கீழே சுமார் 165 சதுர அடி நிழல் கிடைக்கிறது.

அந்த நிழலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு சில்லுகளான செல்களின் மூலைகள் சற்றே வெட்டப்பட்டிருப்பதால் அவை கூடும் இடங்களில் வெறும் கண்ணாடி மிஞ்சுகிறது. அதன் வழியே இறங்கும் வெயில், தரையில் கோலப்புள்ளி வைத்தாற்போல் வரிசை வரிசையாக விழுகிறது. தகரம் இருந்த காலத்தில் பகலிலும் விளக்குப் போட்டுத் துணி மடித்த அதே இடத்தில் இப்போது அம்மா நாளிதழ் படிக்கிறார். மழை பெய்யும்போது தகரத்தில் எழுந்த இரைச்சலும் இல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டில் ஏறத்தாழ 4,600 யூனிட் கிடைத்தது. மார்ச் மாதத்து நல்ல நாளில் 16 யூனிட் வரை வந்தது. ஐப்பசி அடைமழையில் நான்கு யூனிட்டோடு நின்ற நாள்களும் உண்டு. இந்தக் கணக்கில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை கூரையில்தான். எங்களுக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் மின் வேலையில் கெட்டிக்காரர்கள். இன்வெர்ட்டர், எர்த், வயரிங் எதிலும் பழுது சொல்ல முடியாது. ஆனால் கூரை வேலை அவர்களுக்குப் பழக்கமில்லை. பேனலுக்கும் பேனலுக்கும் இடையே சிலிகான் பசையை மட்டும் நிரப்பிவிட்டுப் போனார்கள். கோடை முழுவதும் நன்றாக இருந்தது. அக்டோபரில் முதல் பெருமழைக்கே மூன்று இடங்களில் ஒழுகியது. மறுபடி வந்து பூசினார்கள். பத்து நாளில் மறுபடி ஒழுகியது. காரணம் பிறகுதான் விளங்கியது. பேனலின் சட்டம் அலுமினியம், அதைத் தாங்கும் விட்டம் இரும்பு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் பேனல் உச்சிவேளையில் 65 டிகிரியைத் தொடும்போது, நீளவாட்டில் சட்டம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீள்கிறது. அடியில் உள்ள இரும்பு அதே சூட்டை அடைந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீளும். நாள்தோறும் இப்படி இழுபட்டால் எந்தப் பசையும் விளிம்பில் விட்டுக்கொடுத்துவிடும்.

கடைசியில் அலுமினியம், கண்ணாடி வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர்தான் சரிசெய்தார். அவர் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே ரப்பர் பட்டையைச் செருகினார். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் கவிழ்க்காத ப வடிவத் தகட்டைப் பொருத்தி, ரப்பரைத் தாண்டி வரும் நீரைத் தெற்கு விளிம்பில் உள்ள மழைநீர்க் குழாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செலவு 18,000 ரூபாய். அடுத்து வந்த மழைகளில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. இந்தத் தகட்டை முதல் நாளே வரைபடத்தில் காட்டாத எவரிடமும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொரு தவறு எங்களுடையது. வயர்கள் தெரியக் கூடாது என்று அடியில் பிவிசி சீலிங் அடித்தோம். காற்றோட்டம் அடைபட்டு, உச்சிவேளையில் 2.4 கிலோவாட்டைத் தாண்டவே இல்லை. எங்கள் பேனலில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.3 சதவீதம் குறையும். சீலிங்கைப் பிரித்த வாரத்திலேயே அதே வெயிலில் 2.55 வரை வந்தது. நான்கு பக்கமும் திறந்த கொட்டகைக்கு இந்தக் கூரை பொருந்தும். அடைத்த அறைக்கு மேல் போடுவதானால் காற்றுக்கு வழி வைத்தாக வேண்டும். சரிவின் கீழ் விளிம்பில், சட்டத்தின் உதட்டை ஒட்டி, விரல் அகலத்துக்குச் சேறு படிகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் மெல்லிய துடைப்பானால் துடைத்தால் போதும்.

சுவரிலும் பதிக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டென்மார்க்கில் 2017 இல் திறக்கப்பட்ட கோபன்ஹேகன் சர்வதேசப் பள்ளியின் சுவர்களைச் சுமார் 12,000 சோலார் பலகைகள் போர்த்தியிருக்கின்றன. ஆனால் அந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 55 டிகிரி வடக்கில் உள்ளது. அங்கே சூரியன் தாழ்ந்து வருவதால் சுவரில் நேராக வெயில் படுகிறது. மதுரை 10 டிகிரியில் உள்ளது. நமக்கு வெயில் தலைக்கு மேல்தான். சுவரில் செலவழிக்கும் பணத்தைக் கூரையில் போடுவதே மேல்.

மொத்தம் 2,90,000 ரூபாய் ஆனது. மேற்சொன்ன பழுதுபார்ப்பு தனி. 2024 இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் உள்ள மானியம் 78,000 ரூபாய் எங்களுக்கும் கிடைத்தது. வழக்கமான முறையில் சோலாருக்கு 2,15,000, புதுத் தகரக் கொட்டகைக்கு 80,000 என்று விலை கேட்டிருந்தோம். ஆகவே எங்களுக்கு நட்டமில்லை. நல்ல நிலையில் தகரமோ காங்கிரீட் தளமோ வைத்திருப்பவர்கள் இதற்காக அதை இடிக்க வேண்டாம். ஸ்டாண்டு அடித்துப் பேனல் வைப்பதே அவர்களுக்குச் சிக்கனம். புதிதாகக் கொட்டகை போடுவோர் மட்டும் தயங்காமல் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டாண்டில் உள்ள பேனல் உடைந்தால் வேறு அளவுப் பேனலை வைத்துச் சமாளிக்க ஓரளவு இடமுண்டு; கூரையில் உடைந்தால் அதே நீள அகலம்தான் பொருந்தும். பேனல் அளவுகளோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் அதே மாடலில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, மாடிப்படிக்கு அடியில் போர்வை சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறோம்.