டில்டிங் கிரைண்டரா, டேபிள் டாப்பா? ரிப்பேர் செலவைப் பார்த்து வாங்குங்கள்

பழைய கிரைண்டரை மாற்ற வேண்டி வந்தபோது நாங்கள் மறுபடியும், டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கிற பெரிய டில்டிங் கிரைண்டரையே எடுத்தோம். கடைக்காரர் டேபிள் டாப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். அதன் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சமையல் மேடையில் அடங்கும், டிரம்மைக் கழற்றிக் கழுவலாம், தேங்காய் துருவிக்கொள்ளலாம். அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடித்தனத்துக்கு அதுவே சரி. டில்டிங்கை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். மாவின் பதத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அரைக்கிற வீட்டில் கரண்ட் செலவும் ஒரு பொருட்டல்ல.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பெல்ட்.

டில்டிங் கிரைண்டரில் மோட்டார் ஒரு பக்கம், புல்லி ஒரு பக்கம், நடுவில் சாதாரண வி-பெல்ட். பெல்ட்டின் முதுகிலேயே அளவு அச்சிட்டிருக்கும். அறுந்துபோனால் பழையதை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் போதும், கிரைண்டர் எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்க மாட்டார்கள். தளர்ந்தால் மோட்டாரின் போல்ட்டை லூஸ் செய்து, மோட்டாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்கிவிடலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்கிற வேலை. அரைக்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். அப்போதே பார்த்துவிட்டால் மோட்டார் காயில் வரை செலவு போகாது.

டேபிள் டாப்பில் பெல்ட் உள்ளே ஒளிந்திருக்கும், அளவும் மாடலுக்கு மாடல் மாறும். குழவிகளுக்குள் இருக்கும் புஷ் (குழவி ஆடாமல் சுழல உதவும் சின்னக் குழல்), மாவை வழிக்கும் பிளாஸ்டிக் துண்டு எல்லாமே அந்தந்தக் கம்பெனிச் சாமான். அக்கா வீட்டில் புஷ் தேய்ந்து குழவி ஆட ஆரம்பித்தது. அந்த மாடலே இப்போது வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது!

கல் விஷயமும் உண்டு. வழவழத்துப்போன டில்டிங் கல்லைக் கொத்தி வாங்கலாம். கொத்தியபின் முதல் ஈடு அரிசியை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இட்லியில் மணல் கடிபடும். டேபிள் டாப் குழவிகளைக் கொத்தித் தருபவர்களை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. கோவைப் பக்கம் இருக்கலாம். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் அது, ரிப்பேர் கடைகளுக்குப் பஞ்சமிருக்காது. அங்கே இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

எதை வாங்கினாலும் பழக்கம் ஒன்றுதான். முதலில் தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள், அப்புறம் உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பாதியில் கரண்ட் போய் வந்தால், மாவு நிறைந்த கல்லை அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். கொஞ்சம் வழித்தெடுத்துவிட்டுப் போடுங்கள். கழுவும்போது தண்டைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் பேரிங் துருப்பிடிக்காது. டேபிள் டாப் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பில் போடும் முன்பே ஒரு பெல்ட்டும் ஒரு செட் புஷ்ஷும் கூடுதலாகக் கேளுங்கள். அந்தக் கடையிலேயே அவை இல்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.