பின் சக்கரத்துக்கும் கேம்பர் பில் போட்டால் உஷார்

பள்ளிக்கரணை பக்கம் மழைத்தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் இறங்கியதிலிருந்து என் ஸ்விஃப்ட் நேராக ஓடவில்லை. ஊருக்குள் பெரிதாகத் தெரியாது. மதுரவாயல் பைபாஸில் 80ஐத் தொட்டால் அலைய ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே முன்பக்கம் வெடுக்கென்று திரும்பும். பக்கத்தில் லாரி கடந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

வேளச்சேரி பக்கம் ஒரு பளபளப்பான டயர் கடைக்குக் கொண்டுபோனேன். என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை; நேரே மிஷினில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து, "சார், கேம்பர் அவுட் சார். நாலு வீலும் அடிச்சிருக்கு. இப்பவே பண்ணலேன்னா டயர் ஒரு பக்கமா தின்னுடும்" என்றார்.

கேம்பர் என்பது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற அளவு. அதற்கு மட்டும் வீலுக்கு 500 வீதம் 2,000 ரூபாய். அலைன்மென்ட் (சக்கரங்களின் திசையைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது), டயருக்கு நைட்ரஜன் எல்லாம் சேர்த்து பில் 3,400. (சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்கும் பில்லில் தனியாக ஒரு தொகை.)

வெளியே வந்தால் ஸ்டியரிங் இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. பைபாஸில் அலைவது முன்பைவிட மோசம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "மிஷின்ல எல்லாம் பச்சை காட்டுது சார், டயர்தான் பழசு, மாத்திடுங்க" என்று புது டயருக்கு விலை சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் கொடுத்த தாளைப் பார்த்தால், வேலைக்கு முன் எடுத்த அளவு இருக்க வேண்டிய கட்டங்கள் காலி. மேலே இருந்த வண்டிப் பெயரும் வேறு ஏதோ ஒரு செடானுடையது. எந்த வண்டியின் அளவோடு ஒப்பிட்டுப் பச்சை காட்டியதோ!

நண்பர் ஒருவர் கிண்டி எஸ்டேட் பக்கம் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அவர் மிஷின் பக்கமே போகவில்லை. முதலில் காற்றைச் சரிபார்த்தார். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். இடது சக்கரம் 'டக் டக்' என்று ஆடியது. "தம்பி, டை ராட் எண்ட் போயிருக்கு. இது ஆடுற வரைக்கும் எந்த மிஷின்ல ஏத்தினாலும் அலைன்மென்ட் நிக்காதுப்பா" என்றார். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட், அதன் முனையில் இருக்கும் மூட்டுதான் எண்ட்.

என்னைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். வலது டை ராடின் லாக் நட்டில் மட்டும் ஸ்பானர் பட்ட புதுத் தடம். இடதுபக்க நட்டில் பழைய துரு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் திருப்ப வேண்டியதை ஒரு பக்கம் மட்டும் திருப்பியதால்தான் ஸ்டியரிங் சாய்ந்திருக்கிறது. பில்லைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "பின்னாடி இருக்கறது ஒத்த பீமு. அதுல கேம்பர் திருப்ப எங்கப்பா போல்ட் இருக்கு?" பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைந்திருப்பதைத்தான் சொன்னார். முன்பக்கத்திலும் இந்த வண்டிக்குக் கேம்பரைத் திருப்பி வைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. அளவு தப்பினால் எது வளைந்திருக்கிறது என்று பார்த்து மாற்றுவதுதான் முறை. கடைகளில் ஜாக்கி வைத்து நெம்புகிறார்கள். என் வலது ஷாக் அப்சார்பரின் ஓரத்தில் அப்படி நெம்பிய கீறல் இருந்தது. நல்லவேளை, ஆயில் கசியவில்லை.

புது டை ராட் எண்ட் போட்டு, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்டிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி அளவெடுத்தார். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, நன்றாக வெளிப்பக்கம் போயிருந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் வெளியே பார்த்தால் வண்டி நேராக நிற்காது, தொட்டதற்கெல்லாம் திரும்பும். பாகம், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தும் முதல் கடை பில்லில் பாதிகூட ஆகவில்லை. இப்போது பைபாஸில் ஒரு கையால் ஓட்டுகிறேன்.

எனவே, மிஷினில் ஏற்றுவதற்கு முன்பு சக்கரத்தை ஆட்டிப் பார்க்காத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். திரையில் உங்கள் வண்டியின் பெயர்தான் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், காபி அப்புறம் குடித்துக்கொள்ளலாம். வேலைக்கு முன் எடுத்த அளவு, வேலைக்குப் பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங் சாய்ந்திருந்தால், அதையே கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே ஏர்பேக் இருக்கிறது. ஸ்டியரிங் 80, 90இல் நடுங்கினால் மட்டும் அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு, அதற்கு அலைன்மென்ட் தேவையில்லை.

முதல் கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில்லும் அந்தத் தாளும் பழைய டை ராட் எண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. புகாருக்கு அவர்கள் மசியாவிட்டால் அங்கே போவேன்.