பல வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்: பட்டனை அழுத்தியும் கம்ப்யூட்டர் எழாவிட்டால்

டெஸ்க்டாப்பைப் பல வருடம் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வயர் ஒன்று உண்டு: மதர்போர்டில் மாட்டும் 24 பின் கனெக்டரில் 9ஆம் பின்னுக்குப் போகும் ஊதா வயர். ஷட் டவுன் செய்த பிறகும், சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இதில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். வருடம் முழுக்க ஸ்விட்சை அணைக்காவிட்டால் 8,760 மணி நேரம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது ஃபேனும் சுற்றாது; உள்ளே தேங்கும் சூட்டில், இந்த 5 வோல்ட்டைக் கொடுக்கும் ஸ்டாண்ட்பை பகுதியின் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) மெல்ல உலர்கின்றன.

அறிகுறி திடீரென்று வருவதில்லை. முதலில் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் எழும். பிறகு, பிளக்கைச் செருகிக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் எழும். கடைசியில் எழவே எழாது. இந்த வரிசையில் தொல்லை வளர்ந்திருந்தால் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சுவர் சாக்கெட், பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ் பின்புற ஸ்விட்ச் ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அடுத்து மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொடுங்கள். 24 பின் கனெக்டரைக் கழற்றாமலே, சிவப்பு முனையை ஊதா வயர் நுழையும் துளையில் பின்பக்கமாகச் செருகுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி அளந்தால் சரியாகக் காட்டிவிட்டு, போர்டில் மாட்டியதும் 4 வோல்ட்டுக்கு இறங்குகிற எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அதனால் மாட்டியபடியே அளப்பதுதான் முறை.

ஊதா சரி என்றால், போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழச் சொல்லும் பச்சை வயருக்கு வாருங்கள், 16ஆம் பின். பட்டனைத் தொடாதபோது பொதுவாக 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும், அழுத்தியதும் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கியும் ஃபேன் சுற்றவில்லையா? போர்டு உத்தரவு கொடுத்துவிட்டது, எஸ்எம்பிஎஸ் எழவில்லை. இறங்கவே இல்லை என்றால் பட்டனிலோ போர்டிலோ கோளாறு. பட்டன் வயரைக் கழற்றி, மதர்போர்டின் பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுவிட்டால் அதுவும் தெளிவாகிவிடும். இந்த ஒரு சோதனை எத்தனையோ நல்ல போர்டுகளைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும். சில எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். அங்கே நிறத்தை விட்டுப் பின் எண்ணைக் கணக்கிடுங்கள்.

பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் கம்பியால் இணைத்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. அதில் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நலம் என்று நம்பிவிட முடியாது, ஏனென்றால் லோடே இல்லை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பாகம் எதுவும் இல்லை. லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனைச் சுற்றவிடாத மாடல்களும் இருப்பதால், சுற்றாததும் சாட்சி அல்ல.

ஃபேன் ஒரு கணம் சுற்றி நின்றுவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி, பிராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து முயலுங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஃபேன் ஓடியும் திரை இருட்டாக இருந்தால் பிராசஸருக்கான 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரைப் பாருங்கள். அதோடு, மின்சாரம் சரியாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் 8ஆம் பின் சாம்பல் வயரையும் அளங்கள்: அங்கே 5 வோல்ட் அளவுக்கு ஏறாவிட்டால் போர்டு பிராசஸரை ஓடவிடாமல் ரீசெட்டிலேயே வைத்திருக்கும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம்.

இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஸ்டாண்ட்பை பகுதிக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி. அது சீக்கிரம் தீரும். தேதி தவற ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள்.