பண்டிகை நாளில் உண்டியல் குலுக்கலாமா? சமுதாய வானொலிக்கு முன்னால் உள்ள மூன்று வழிகள்

பண்டிகை விடுமுறை நெருங்கும்போது சிறிய சமுதாய வானொலிகளின் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். சிறப்பு நிகழ்ச்சியாக என்ன தரப் போகிறோம் என்பது ஒன்று. அடுத்த ஆண்டுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பது இன்னொன்று. யாராவது ஒருவர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, "பண்டிகை அன்றைக்கே நிதி கேட்டுவிடலாமே, எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள்" என்பார். கேட்கும்போது சரி என்றுதான் தோன்றும். ஆனால் நல்ல மனநிலையில் இருக்கும் ஆள் வானொலியைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, கையில் போன் இருக்கிறதா, போன் செய்தால் எடுக்க நிலையத்தில் ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

பொதுவாக மூன்று வழிகள் உண்டு. விடுமுறை நாட்களையே நிதி திரட்டும் மாரத்தானாக, அதாவது மணிக்கணக்கில் நேரலையில் நன்கொடை கேட்கும் ஒலிபரப்பாக மாற்றுவது முதல் வழி. சிறப்பு நிகழ்ச்சியை வேண்டுகோள் எதுவும் இல்லாமல் கொடுத்துவிட்டு, பணம் கேட்பதை அதற்கு முன்னும் பின்னும் நகர்த்துவது இரண்டாவது. சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்ஸர் பிடிப்பது மூன்றாவது. சம்பளத்துக்கு ஒருவரோ இருவரோ, மீதி எல்லாம் தன்னார்வலர்கள் என்று ஓடும் நிலையத்துக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் கட்சி. முதல் வழியைத் தள்ளிவிடவும் முடியாது. அதன் பலம் என்ன என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மாரத்தான் பணம் கொண்டுவரும், சந்தேகமே இல்லை

நேயர்களின் சந்தாவிலேயே வானொலி நடத்தலாம் என்று நிரூபித்தது அமெரிக்காவின் பெர்க்லியில் 1949 ஏப்ரலில் தொடங்கிய கேபிஎஃப்ஏ நிலையம். அதைத் தொடங்கிய லூயிஸ் ஹில், கேட்கக்கூடியவர்களில் 2 சதவீதம் பேர் சந்தா கட்டினாலே நிலையம் நிற்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாக இருந்தும் பணம் நேரத்துக்கு வரவில்லை. 1950 ஆகஸ்டில் ஒலிபரப்பு நின்றது. நேயர்களே முன்வந்து நிதி திரட்ட, 1951இல் மீண்டும் தொடங்கியது. நிலையம் இல்லாமல் போனால் எப்படியிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் பலர் பணப்பையைத் திறக்கிறார்கள். மாரத்தான் அந்தப் பயத்தைக் கொஞ்சம் அளவாக, ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டுகிறது. ஓர் இலக்கு, ஒரு கெடு, நேரலையில் வாசிக்கப்படும் பெயர்கள், ஏறிக்கொண்டே போகும் தொகை. இந்த நான்கும் சேர்ந்தால் "அப்புறம் கொடுக்கலாம்" என்று இருந்தவரும் இன்றைக்கே கொடுப்பார்.

இதில் ஆய்வுகளும் கைகொடுக்கின்றன. ஜென் ஷாங், ரேச்சல் குரோசன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பொது வானொலி ஒன்றின் நிதி திரட்டலின்போதே நடத்தப்பட்டது. நன்கொடை தரப் போன் செய்தவர்களிடம், "இன்னொரு நேயர் 300 டாலர் கொடுத்தார்" என்று சொன்னபோது, எதுவும் சொல்லாதபோது வந்ததைவிடச் சராசரித் தொகை 12 சதவீதம் கூடியது. ஆக, போன் எடுப்பவர் பேசும் ஒரு வாக்கியத்துக்கும் மதிப்பு உண்டு. சொல்லும் தொகை உண்மையாக ஒருவர் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"நீங்கள் ஒன்று கொடுத்தால் எங்கள் புரவலர் இன்னொன்று போடுவார்" என்னும் இணைத்தொகை அறிவிப்பும் மாரத்தானின் பழைய ஆயுதம்தான். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் 2007இல் வெளியிட்ட பெரிய கள ஆய்வின்படி, இணைத்தொகை இருப்பது நன்கொடையைக் கூட்டுகிறது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று உயர்த்துவதால் மேற்கொண்டு எதுவும் கூடவில்லை. அது கடிதம் மூலம் நடந்த ஆய்வு; வானொலிக்கும் பாடம் ஒன்றுதான். புரவலரிடம் பெரிய தொகை கிடைத்தால் அதை ஒரே மணி நேரத்தில் மூன்று மடங்காக அறிவித்துத் தீர்த்துவிடாமல், ஒன்றுக்கு ஒன்றாகப் பல மணி நேரங்களுக்குப் பரப்பலாம்.

இவ்வளவு பலம் இருக்கும்போது பண்டிகையில் ஏன் வேண்டாம் என்கிறேன்? மாரத்தானில் கைதேர்ந்த நிலையங்கள் அதை எப்போது நடத்துகின்றன என்று பாருங்கள். விளம்பரதாரர் பணத்தைத் தொடாமல் நேயர்களை நம்பியே ஓடும் நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ, தன் மாரத்தானை வழக்கமாக மார்ச் மாதத்தை ஒட்டித்தான் வைக்கிறது. மெல்போர்னின் 3சிஆர் ஜூனில் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. வரிக் கழிவு வேண்டுபவர் அதற்குள் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கெடு டிசம்பர் 31. அதனால்தான் அங்கே பண்டிகைக் காலமும் நன்கொடைக் காலமும் ஒன்று போலத் தெரிகிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும் இந்தியாவில் அந்தப் பொருத்தம் கிடையாது. பண்டிகை மனநிலை பணம் தருகிறது என்று நாம் நம்பும் பல இடங்களில் உண்மையில் வேலை செய்வது வரிக் கெடுவாக இருக்கலாம். உங்கள் ஊரில் அந்தக் கெடு எப்போது என்று பார்க்காமல் வேறொரு நாட்டு நிலையத்தின் காலண்டரை எடுத்து மாட்டிக்கொள்வதில் பயன் இல்லை.

ஆள்பலம் அடுத்த சிக்கல். மாரத்தானுக்கு மைக் முன்னால் இரண்டு பேர், போன் எடுக்க ஆட்கள், இணையத்தில் வரும் தொகையைப் பார்த்துப் பெயரைச் சீட்டில் எழுதித் தருபவர், ஒலியைக் கலக்கும் மிக்ஸர் கருவியில் ஒருவர், இடையே உடைந்துபோகும் ஏதோ ஒன்றைச் சரிசெய்ய ஒருவர் என்று ஒரு படையே வேண்டும். விடுமுறையில் இவர்கள் எல்லோரும் தங்கள் குடும்பத்தோடு இருக்க விரும்புவார்கள், அது நியாயமும்கூட. கடைசியில் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் அதே நாலு பேர் மாட்டிக்கொண்டு, அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் நிலையத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். வந்த நன்கொடையைப் பற்றிப் பேசும் யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை.

மூன்றாவது சிக்கல் போட்டி. ஆண்டு இறுதியில் எல்லா அமைப்பும் கை நீட்டுகிறது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கிவிங் டியூஸ்டே' என்னும் நன்கொடை நாள் இப்போது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அந்த வாரத்தில் ஒருவருடைய மின்னஞ்சலில் எத்தனை வேண்டுகோள்கள் குவியும் என்று யோசித்தால் நம்முடையது எங்கே கிடக்கும் என்று தெரிந்துவிடும்.

நிகழ்ச்சியை மட்டும் கொடுத்தால்?

விடுமுறையில் வானொலி கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. வீடு நிறைய ஆட்களோடு, பின்னணியில் ஏதாவது ஒலித்தால் போதும் என்று வைத்திருப்பவர்கள் ஒரு வகை. இவர்களிடம் பத்து நிமிட வேண்டுகோளை வைத்தால் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வகை, தனியாக இருப்பவர்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், காவலாளி, லாரி ஓட்டுநர், ஆஸ்பத்திரியில் யாருக்கோ துணையாக உட்கார்ந்திருப்பவர், குடும்பத்தை விட்டுத் தூரத்தில் இருப்பவர். பெரிய நிலையங்கள் அன்றைக்குப் பெரும்பாலும் கணினியிடம் ஒலிபரப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு மனிதக் குரல் நேரலையில் நேரம் சொல்லி, போனில் வந்தவருக்கு வணக்கம் சொல்லி, கேட்ட பாட்டைப் போட்டால் அதற்கு ஈடு வேறு இல்லை. சிறிய நிலையத்தால் மட்டும் செய்ய முடிகிற வேலை இது. அந்த நேரத்தைப் பணம் கேட்டுச் செலவழிப்பது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

ஒரே மாதிரிச் சிறப்பு நிகழ்ச்சியை ஆண்டுதோறும் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் டபிள்யூகேசிஆர், டிசம்பர் கடைசி நாட்களில் வழக்கமான நிரலை நிறுத்திவிட்டு இரவும் பகலும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஒலிபரப்புகிறது. பெரிய நிறுவனம் என்றாலும் பிபிசியின் கதையும் இதுவே: கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் வழிபாட்டை 1928இல் முதன்முதலாக ஒலிபரப்பியது, 1930 ஒன்றைத் தவிர ஒவ்வோர் ஆண்டும் தொடர்கிறது. அந்த நாள், அந்த நேரம் என்றால் அந்த நிலையம் என்று நேயர் மனதில் பதிந்துவிட்டால், அடுத்த முறை நிதி கேட்கும்போது "எங்கள் நிலையம் எது தெரியுமா" என்று அறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இந்த வழிக்கும் வேலை உண்டு, ஆனால் அதைப் பரப்பி வைக்கலாம். பேட்டிகள், கதை வாசிப்பு, உள்ளூர்க் கலைஞர்களின் கச்சேரி எல்லாவற்றையும் வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடலாம். நேரலையை நாளுக்கு ஒன்றிரண்டு வேளையோடு நிறுத்திக்கொண்டு மீதியை மென்பொருளில் அடுக்கி வைக்கலாம். ஒலிபரப்பு மௌனமானால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி இருக்கிறதா, அந்தத் தகவலைப் பார்க்கும் ஆள் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆளில்லா நிலையத்தில் மூன்று மணி நேரம் காற்று மட்டும் ஒலிபரப்பாவதைப் போல நேயரை விரட்டும் விஷயம் வேறில்லை. பதிவு செய்த நிகழ்ச்சியில் வானிலை பேசவேண்டாம் என்பதையும் யாராவது தொகுப்பாளரிடம் சொல்லிவைப்பது நல்லது. மழை கொட்டும்போது "இன்று அருமையான வெயில்" என்று வந்தால் சிரிப்புதான்.

பணம்? இரண்டு வாரம் முன்பே கேட்க வேண்டும், அதுவும் பொத்தாம்பொதுவாக "எங்களை ஆதரியுங்கள்" என்று இல்லாமல், இந்தக் கச்சேரிப் பதிவுக்கு இவ்வளவு, இரவு நேரலைக்கு இவ்வளவு என்று பொருள் சொல்லிக் கேட்க வேண்டும். அன்றைய நாளில் "இது நேயர்கள் தந்த பணத்தில் வரும் நிகழ்ச்சி" என்று மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு வரி போதும். விடுமுறை முடிந்த வாரம் நன்றி சொல்லி, மாதந்தோறும் சிறு தொகை தரும் சந்தாவுக்கு அழைக்கலாம். மாதச் சந்தா மெதுவாகத்தான் சேரும். ஆனால் அடுத்த பண்டிகை வரும்போது நிதிக் கூட்டத்தில் குரல் உயராது.

பொருளாளருக்கு இந்த வழி பிடிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாரத்தான் முடிந்த இரவே கையில் ஒரு தொகை இருக்கும். இங்கே மூன்று மாதம் கழித்து வந்த சந்தா அந்த இரவு நேரலையால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த மாத மின்கட்டணத்துக்கே வழியில்லாத நிலையம் இந்தப் பொறுமையைக் கடைப்பிடிக்கவும் முடியாது. அந்த நிலையில் பண்டிகையோ இல்லையோ, மாரத்தான்தான் வழி.

ஸ்பான்ஸர் வழி

முன்பணம் வரும், தொல்லை குறைவு. ஆனால் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். அமெரிக்காவில் வணிகமற்ற நிலையங்கள் உதவியவரின் பெயரைச் சொல்லலாம். விலை சொல்லக் கூடாது, "வாங்குங்கள்" என்று அழைக்கக் கூடாது, பிற பொருளைவிடச் சிறந்தது என்று ஒப்பிடக் கூடாது. இந்தியாவில் சமுதாய வானொலிக்கான அரசின் 2006 வழிகாட்டு நெறிகள் ஸ்பான்ஸர் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் அரசு தரப்புக்கும் பொதுநலத் தகவல்களுக்கும் மட்டுமே அனுமதித்தன. மணிக்கு 5 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பிறகு 7 ஆகி, 2024இல் 12 நிமிடமாக உயர்ந்தது. ஆக, அங்கே பண்டிகை வாழ்த்து விளம்பரங்களை விற்பதுதான் நடைமுறையில் ஸ்பான்ஸர். பன்னிரண்டு நிமிடத்தையும் வாழ்த்துகளால் நிரப்பினால் அந்த மணி நேரத்தை யார் கேட்பார்கள் என்பது தனிக் கேள்வி. ஒரே ஸ்பான்ஸரை நம்பும் நிலையம் அவர் விலகிய ஆண்டில் சிறப்பு நிகழ்ச்சியையே இழந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கூடுதலாக வரும் பணம் என்ற அளவில் சரி. முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, பண்டிகைக் காலத்தில் வேறொரு அறப்பணிக்காக நிதி கேட்கும் ஆசையும் வரும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல், மத்தியப் பொது ஒலிபரப்பு நிதி பெறாத வணிகமற்ற நிலையங்கள் ஆண்டு ஒலிபரப்பு நேரத்தில் 1 சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 88 மணி நேரம், பிற அமைப்புகளுக்காக நிதி திரட்டலாம் என்று அனுமதித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதே வாரத்தில் நிலையத்துக்கும் கேட்காதீர்கள். நேயர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார், பசித்தவருக்கு உணவா வானொலிக்கு டிரான்ஸ்மிட்டரா என்று வந்தால் எது ஜெயிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை, அங்கே வானொலி ஜெயிக்கவும் கூடாது.

நடைமுறையில் பல நிலையங்கள் கலவையாகத்தான் செய்யும். ஆள்பலமும் தொலைபேசி வசதியும் உள்ள நிலையம், வரிக் கெடுவை ஒட்டி ஆண்டுக்கு ஒரு மாரத்தான் வைத்துக்கொண்டு பண்டிகையை நிகழ்ச்சிக்கு மட்டும் விட்டுவிடலாம். வரிக் கெடுவும் பண்டிகையும் ஒரே வாரத்தில் விழும் நாட்டில், பண்டிகை முடிந்த மறுநாள் தொடங்கி ஆண்டின் கடைசி நாள் வரை குறுகிய மாரத்தான் வைக்கலாம். சிறப்பு நிகழ்ச்சி அப்போது காதில் புதிதாக இருக்கும். மிகச் சிறிய நிலையத்துக்கு மாரத்தானே வேண்டாம், பண்டிகைக்கு முன்பே கேட்பதும் மாதச் சந்தாவும் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு சிறு வேலை மட்டும் தவறக்கூடாது. வந்த ஒவ்வொரு நன்கொடையிலும், இவர் புதியவரா பழையவரா, எந்த நிகழ்ச்சியைக் கேட்டுக் கொடுத்தார், வாக்குறுதி மட்டுமா பணம் வந்துவிட்டதா என்று மூன்று குறிப்புகள் எழுதி வைக்க வேண்டும். வாக்குறுதித் தொகையைக் கூட்டி வெற்றி என்று அறிவித்துவிட்டு, பாதிப் பேருக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையங்கள் உண்டு. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலும் எது நல்ல வழி என்பதைச் சத்தமாகப் பேசுபவர்தான் முடிவு செய்வார்.