ஓடாவியார் செய்து தந்த விரல் பலகை

ஜேர்மனியின் நூரன்பேர்க்கில் படித்த 2 வருடமும் வாரத்தில் மூன்று நாள் பாறை ஏறினேன். மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பி ஆறு மாதம் ஆவதற்குள் விரல்களில் பிடிமானம் குறைந்துவிட்டது. இங்கே கடல் இருக்கிறது, வாவி இருக்கிறது. பாறையைப் பார்க்கக் குடும்பிமலைப் பக்கம் போகவேண்டும். வீட்டிலேயே பழக விரல் பலகை வேண்டும், விரல் நுனியால் பிடித்துத் தொங்கும் மரப்பலகை. இருப்பது வாடகை வீடு, சுவரில் அதை அடிக்க முடியாது. கயிற்றில் தொங்கவிட்டு, பயிற்சி முடிந்ததும் பையில் போட்டுக்கொள்ளும் பலகைதான் எனக்குச் சரி. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கக் கணக்குப் பார்த்தேன், தபால் செலவும் சுங்க வரியும் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆரையம்பதிப் பக்கம் கதவு, நிலை, யன்னல் செய்கிற ஒரு ஓடாவியாரிடம் படம் கீறிக் கொண்டு போனேன்.

“இதில என்னத்தத் தொங்கவிடப் போறீங்க மகள்?” என்று கேட்டார்.

“நான்தான் தொங்கப் போறன் ஐயா, விரல் நுனியால.”

படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதிரையில் செய்வோம், காலத்துக்கும் கிடக்கும் என்றார். முதிரை இழைத்தால் வழுவழுப்பு ஏறிவிடும், வியர்த்த விரல் அதில் நிற்காது என்றேன். நிலைக்கு அறுத்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை எடுத்தார். தேக்கு ஈரத்துக்கு அவ்வளவாக ஊதாது, இங்கத்தைக் கடற்காற்றுக்கு நல்லது. 40 சென்ரிமீற்றர் நீளம், 9 உயரம், 4.5 தடிப்பு. ஒரு பக்கம் விரல் நுனி வைக்க 20 மில்லிமீற்றர் ஆழப் படி, தலைகீழாகத் திருப்பினால் 15. அவருடைய கணக்கு நூலில்தான், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. 20 மில்லிமீற்றரை “ஆறு நூலும் ஒரு மயிரிழையும்” என்று பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அந்த மயிரிழையையும் விடாமல் எடுத்திருக்கிறார், வீட்டில் அளந்து பார்த்தேன்.

நான் மெச்சுவது விளிம்பைத்தான். விளிம்பு கூராக இருந்தால் விரல் களைப்பதற்கு முன்பே தோல் நோகும். கூடுதலாக உருட்டிவிட்டால் 20 மில்லிமீற்றர் படி 15 போல ஆகிவிடும். 5 மில்லிமீற்றர் வளைவு கேட்டிருந்தேன். அரத்தால் ராவி, சாண்ட் பேப்பர் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இழுத்தார். நடுவில் நிறுத்தி, “இந்த இடத்தில இன்னும் கடிக்குது” என்றார். நான் தடவினேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மறுபடி தேய்த்துத் தந்த பிறகுதான் முதலில் என்ன இருந்தது என்பதே விளங்கியது.

பிழை ஒன்று நடந்தது. கயிற்றுத் துளைகளைத் தடிப்பின் சரி நடுவில் போட்டுவிட்டார், நானும் படத்தில் அதைக் குறிக்கவில்லை. விரலின் பாரம் இறங்குவது முன்பக்கத்திலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, கயிறு இழுப்பதோ 22 மில்லிமீற்றர் உள்ளே. தொங்கியதும் பலகை முன்னுக்குச் சரிந்து விரல்கள் வழுகின. மறுநாள் கொண்டுபோனேன். பழைய துளைகளில் தேக்கு ஆப்பு அடித்து, பசை வைத்து, புதுத் துளைகளை முன்னுக்குத் தள்ளிப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆப்பு அடித்த இடம் இரண்டு வட்டமாகத் தெரிகிறது, கை வைத்தால் தெரியாது. படியிலும் பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தார், அதையும் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது. வெறும் மரம்தான் வியர்வையை இழுக்கும்.

ஜேர்மன் பாறையேறி வோல்ப்காங் குல்லிச் 1988இல் நூரன்பேர்க்கில் மரச்சட்டங்களை வரிசையாக அடித்துப் பழகியதை ஓடாவியாருக்குச் சொன்னேன், 1991இல் ‘அக்சியோன் டிரெக்ட்’ என்ற கடினமான பாறைப் பாதையை ஏறி முடித்ததையும் சொன்னேன். “அவரும் மரத்திலதானே பழகியிருக்கிறார்” என்று உற்சாகமாகிவிட்டார். பட்டறை வளையில் கட்டிப் பார்த்தபோது அவரும் 20 மில்லிமீற்றரில் ஐந்து விநாடி தொங்கினார். அறுபது வயது தாண்டியவர்.

கூலியும் மரமுமாக 3,500 ரூபாய். 6 மில்லிமீற்றர் கயிறு என்னிடம் இருந்தது. நாலு மாதமாக மாமரக் கிளையில் கட்டித் தொங்குகிறேன்: 10 விநாடி, 3 நிமிட ஓய்வு, ஐந்து தரம். புதிதாகப் பழகுகிறவர்கள் காலைத் தரையில் ஊன்றிப் பாதிப் பாரத்தை மட்டும் விரலுக்குக் கொடுங்கள். தசைநாணை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் வளையங்கள் கிழிந்தால் ஆற மாதக்கணக்காகும்.

அவரிடம் போவதென்றால் துளை எங்கே வரவேண்டும் என்பதைப் படத்தில் கட்டாயம் குறித்துக்கொண்டு போங்கள், வார்னிஷ் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு நாலு நாளில் தருவதாகச் சொன்னவர் ஒன்பதாம் நாள்தான் தந்தார். கலியாண மாதங்களில் கட்டில் வேலை அதிகமாம், அப்போது இன்னும் பிந்தும்.