வட்டியில்லாக் கடனட்டையா, கைக்காசா?

கிளிநொச்சியில் வீட்டுக்கடன் எடுத்து வீடு கட்டுபவர், சீமெந்துக்கும் கம்பிக்கும் வைத்திருக்கும் 120,000 ரூபாயைக் கடையிலேயே கொடுத்துவிடலாம். அல்லது பொருளைக் கடனட்டையில் 12 மாத வட்டியில்லாத் தவணைக்கு எடுத்து, அந்தக் காசை வீட்டுக்கடனின் முதலுக்குக் கட்டலாம்.

முதல் வழியில் கணக்கு அன்றோடு முடிகிறது. இரண்டாவதில், வீட்டுக்கடன் வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று கொண்டால், அட்டைக்கு மாதந்தோறும் 10,000 ரூபாய் திருப்பிக் கட்ட, அட்டைக்கடன் 120,000இலிருந்து 10,000 வரை மாதாமாதம் குறைந்து வருவதால் சராசரியாக 65,000 ரூபாய்க்கான ஒரு வருட வட்டியே, அதாவது 7,800 ரூபாயே மிச்சமாகும். அட்டையின் கையாளும் கட்டணம் 3 வீதமானால் 3,600 கழிந்து 4,200 தான் நிற்கும். முற்கூட்டிச் செலுத்துவதற்கு வங்கி கட்டணம் அறவிட்டால் அதுவும் சுருங்கும். (அட்டையில் காசாக எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும், அந்த எண்ணமே வேண்டாம்.)

மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு இரண்டாவது வழி பொருந்தும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்தவருக்கோ கைக்காசே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெரும்போகம் அறுவடையாகி நெல்மூட்டை விலைப்படும் வரை அவர் கையில் காசு புரளாது. அட்டையின் தவணையோ அறுவடைக்காகக் காத்திருக்காது. தவணை பிந்தினால் விழும் தண்டமும் வட்டியும் அந்த 4,200 ரூபாயை விரைவில் விழுங்கிவிடும். வீட்டுக்கடனில் கட்டிய காசை அந்த நேரத்தில் வங்கியிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது.