விமான டயர் தேயலாம், ஜீப்பின் சிங்க்ரோ ரிங் தேயலாமா?

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்து, சாயங்காலம் திரும்ப இறங்குகிற ஜீப்புகள்தான் பூப்பாறையில் என் பட்டறைக்கு அதிகம் வரும். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, மூணுல இருந்து ரெண்டு போட்டா கியர் கத்துதுண்ணே" என்று வந்து நின்றார். கியர் ஆயிலை வடித்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காட்டினேன். தங்கப்பொடி கரைத்தாற்போல மினுங்கியது. கியர் மாறும்போது உள்ளே வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை அது. இரும்புச் சிலும்பு எதுவும் கண்ணில் படவில்லை. கியர் பல் இன்னும் தப்பித்திருக்கிறது.

"ஏரோப்ளேன் இறங்குறப்ப டயர் புகையுதேண்ணே, தேஞ்சா மாத்திட்டுப் போறாங்கல்ல? இதுவும் அப்படித்தானே?" என்றார். நல்ல கேள்வி. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்.

ஏர்பஸ் 320 தரை தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். சக்கரமோ சுற்றாமல் இருக்கும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் அதை எட்டும்வரை ரப்பர் ஓடுபாதையில் வழுக்கி உரசுகிறது, புகை கிளம்புகிறது. கியர் பாக்ஸுக்குள் இதே வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங். கியரோடு இருக்கும் கோனில், அதாவது கூம்பில், அழுந்தி, உரசி, வேகம் ஒன்றான பிறகுதான் பல்லைக் கோக்க விடும்.

சரி, முன்கூட்டியே வேகத்தைச் சமப்படுத்திவிட்டால் தேய்மானம் குறையுமே? விமானச் சக்கரத்தை இறங்கும் முன்பே சுழற்றிவிடும் யோசனை பல காலமாக இருக்கிறது. ஆனால் அதற்கான மோட்டாரையோ, காற்றில் சுழல சக்கரத்தில் பொருத்தும் சிறு இறக்கையையோ ஒவ்வொரு பயணத்திலும் சுமக்க வேண்டும், சோதிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் தரையில் திரும்பும்போதும் டயர் தேய்வதை அது தடுக்காது. டயரோ வெளியே இருக்கிறது. ரப்பரில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தாலே நிலைமை தெரியும். ஜாக்கி வைத்துக் கழற்றலாம், டயரின் உடம்பு நன்றாக இருந்தால் பலமுறை ரீட்ரெட் போடலாம். அங்கே டயரைத் தேயவிடுவதுதான் சரி.

ஜீப்பில் கணக்கு அப்படியே தலைகீழ். கைக்குள் அடங்கும் அந்த ரிங்கை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். ஒரு நாள் வண்டி ஓடாது, அன்றைய வாடகை போச்சு. தள்ளிப்போட்டால் பல் அடி வாங்கும், செலவு பல மடங்கு ஆகும். மாற்று வழிக்கோ காசே கிடையாது. டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், அப்புறம் இரண்டாவது கியர். அந்த ஒரு தட்டில் உள்ளே கியர் வேகம் எடுத்துக்கொள்ளும், ரிங்குக்கு வேலை குறையும். 1928இல் காடிலாக் கார் சிங்க்ரோவைக் கொண்டுவரும்வரை ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. பழைய வில்லிஸ் ஜீப்பின் முதல் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதைப் போடிமெட்டு இறக்கத்தில் பழகாதீர்கள். ஆளை ஏற்றிக்கொண்டு சரிவில் நியூட்ரலில் கியர் விழாமல் போனால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான். சமதரையில் பழகுங்கள். மெட்டில் இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியரைப் போட்டுவிடுங்கள். தேனி ரோட்டில் கியர் ஏற்றும்போது இதெல்லாம் தேவையில்லை, சிங்க்ரோ பார்த்துக்கொள்ளும்.

ஆயிலிலும் கவனம் வேண்டும். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கிற பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால், அதில் கூடுதலாக இருக்கும் கந்தக மருந்து பித்தளையை அரிக்கக்கூடும்.

தம்பிக்கு ரிங் மாற்றி, மறுநாள் சமதரையில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொன்னேன். முதல் இரண்டு தடவை கத்தியது. மூன்றாவது தடவை, வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல விழுந்தது. "இன்னொரு தடவை போடட்டுமாண்ணே?" என்றார்.